பெண்ட் எடுக்கலாமா, மாற்றியே ஆகவேண்டுமா?

சங்ககிரி தாண்டிக் கோவை நோக்கி வரும் நெடுஞ்சாலையில், ஒரே குழியில் இரண்டு கார்கள் இறங்கி ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போனது பழைய வண்டி, இரும்புச் சக்கரம். பின்னால் வந்தது புதியது, அலாய் சக்கரம். இரண்டும் அவிநாசிப் பக்கம் ஒரே பட்டறைக்குப் போகின்றன. இரும்புச் சக்கரத்தின் விளிம்பு கட்டைவிரல் அகலத்துக்கு மடங்கிக் கிடக்கிறது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "பெண்ட் எடுத்துரலாமுங்க, அரை மணி நேரம் உக்காருங்க" என்கிறார். அலாய் சக்கரத்தில் வெளியே ஒரு சேதமும் இல்லை. கழற்றித் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் மயிரிழைக் கோடு ஒன்று ஓடுகிறது. அதற்கு அவர், "இது ஆகாதுங்க, மாத்திருங்க" என்கிறார்.

பெரிய காயத்துக்கு அரைமணி நேர வேலை, கண்ணுக்கே தெரியாத காயத்துக்குப் புதுச் சக்கரத்தின் விலை. வண்டிக்காரருக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். அடுத்த தெருவில் இன்னொருவர், "வெல்டிங் வெச்சு பெயின்ட் அடிச்சு புதுசாட்டம் தந்தர்றேனுங்க" என்று சொல்லும்போது சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. இந்த இருவரில் முதலாமவர் சொன்னதே சரி. ஏன் சரி என்று புரிந்துகொள்ள உலோகத்துக்குள் கொஞ்ச தூரம் போகவேண்டும்.

எதையும் சரிசெய்து ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கை கொங்கு மண்ணில் காரணமில்லாமல் வளரவில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஜி.டி. நாயுடு தம் முதல் பேருந்தை ஓட்டிய காலத்தில், மோட்டார் வண்டியின் உதிரிபாகம் கப்பலேறி வரவேண்டும். அன்று தொடங்கி நூற்பாலை இயந்திரம், பம்ப், மோட்டார் என்று எல்லாவற்றையும் வார்த்து, கடைந்து, பற்றவைத்துப் பழகிய ஊர்கள் இவை. நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பேருந்துக்கும் கூடு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. இந்தக் கைகளுக்கு ஒரு சக்கரத்தை நிமிர்த்துவது பெரிய காரியமில்லை. நிமிர்த்திய பிறகு அதற்குள் எவ்வளவு வலு மிச்சமிருக்கிறது என்பதைத்தான் நாம் கேட்கவேண்டும்.

சக்கரம் செய்யும் வேலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய கார்களில் பரவலாக இருக்கும் 165/80 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 62 சென்டிமீட்டர். அது ஒரு கிலோமீட்டருக்கு 510 முறைக்கு மேல் சுற்றும். வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால் 5 கோடிச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் ஒவ்வொரு இடமும் ஒருமுறை பாரத்தை வாங்கி ஒருமுறை விடுகிறது. திருப்பங்களில் பக்கவாட்டு வளைவும் சேர்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் சக்கரத்தின் நடுப்பகுதி இப்படி வளைந்து வளைந்து மீள்கிறது. குழியில் விழும் ஓர் அடி எப்போதாவது வருவது. இந்த ஐந்து கோடிச் சின்ன அடிகள் நாள்தோறும் வருபவை. கோடு விழுந்த சக்கரத்தைப் பின்னாளில் முடிப்பவை இவைதாம்.

அலாய்க்கு மாறும் பலர் கூடவே அளவையும் ஏற்றிக்கொள்கிறார்கள். அதே காரில் 205/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாது. டயரின் பக்கச்சுவர் மட்டும் 132 மில்லிமீட்டரிலிருந்து 92 ஆகிவிடும். குழியின் அடியை உலோகத்துக்கு முன்னால் வாங்கிக்கொள்ள இருந்த ரப்பரிலும் காற்றிலும் நாலு சென்டிமீட்டரை நாமே கழித்துவிட்டோம். காற்றும் குறைவாக இருந்தால் அடி நேராக விளிம்பில் இறங்கும்.

அப்படி இறங்கும்போது உலோகம் வளைகிறதா, பிளக்கிறதா? இதற்கு விடை தெரியவந்தது கடந்த நூறாண்டுக்குள்தான். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. வளைவது என்றால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் சறுக்குவது. முழு அடுக்கும் ஒரே நேரத்தில் சறுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று இயற்பியலாளர்கள் கணக்கிட்டபோது, அது நிஜ உலோகம் வளையத் தேவைப்படும் விசையைவிடப் பலநூறு மடங்கு அதிகமாக வந்தது. கணக்குப்படி ஒரு செப்புக் கம்பியைக் கையால் வளைக்கவே முடியக்கூடாது. 1934-ல் ஜெஃப்ரி டெய்லர், எகோன் ஓரோவன், மைக்கேல் பொலானி மூவரும் தனித்தனியாக ஒரே விளக்கத்துக்கு வந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய பவானி ஜமுக்காளத்தை ஒரு சாண் நகர்த்தவேண்டும் என்று நினையுங்கள். முழுதாகப் பிடித்து இழுக்க நாலைந்து பேர் வேண்டும். ஓர் ஓரத்தில் சின்ன மடிப்பை எழுப்பி, அந்த மடிப்பை மட்டும் மெல்லத் தள்ளிக்கொண்டு மறு ஓரத்துக்குப் போனால் ஒருவரே போதும். மடிப்பு அந்தப் பக்கம் வெளியேறும்போது ஜமுக்காளம் மொத்தமும் நகர்ந்திருக்கும். அணு அடுக்குகளிலும் இப்படிப்பட்ட மடிப்புகள் உண்டு. இடப்பிறழ்வு என்று இவற்றைச் சொல்லலாம். உலோகம் வளையும்போது இந்த மடிப்புகள்தாம் ஓடுகின்றன. 1956-ல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷ் குழுவினர், எலக்ட்ரான் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தகட்டை நுண்ணோக்கியில் வைத்து இந்த மடிப்புகள் நகர்வதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். அந்தத் தகடு அலுமினியம்.

உலோகத்துக்கு வலு சேர்ப்பது என்றால் இந்த மடிப்புகளை ஓடவிடாமல் தடுப்பது. ஜமுக்காளத்தை அடியில் இருக்கும் பாயோடு சேர்த்து நெருக்க நெருக்கமாகத் தையல் போட்டுவிட்டால் மடிப்பு எங்கே ஓடும்? சுத்த அலுமினியம் தையலே இல்லாத ஜமுக்காளம். அதில் சக்கரம் செய்தால் வண்டி வீட்டைவிட்டு இறங்குவதற்குள் வளைந்துவிடும். அலாய் சக்கரத்துக்கு வழக்கமாகப் பயன்படும் அலுமினியக் கலவையில் சிலிக்கான் நூற்றுக்கு ஏழு பங்கு, மக்னீசியம் ஒரு பங்கில் மூன்றில் ஒன்று. வார்த்தெடுத்த சக்கரத்தை 540 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பல மணி நேரம் வைத்திருக்கிறார்கள். மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைகின்றன. உடனே தண்ணீரில் முக்குகிறார்கள். கரைந்தவை பிரிந்துபோக நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. பிறகு 150, 160 டிகிரியில் மீண்டும் சில மணி நேரம். இப்போது அவை எண்ணற்ற நுண்துகள்களாக, மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில், உலோகம் முழுக்கத் திரள்கின்றன. இவைதாம் தையல்கள். இந்த வேலைக்கு முதிர்வு வலுவூட்டல் என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர். 1906-ல் பெர்லினுக்கு அருகே தாமிரமும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிக் குளிர்வித்து, ஒரு சனிக்கிழமை அதன் கடினத்தை அளந்தார்கள். வேலையை முடிக்காமல் விட்டுப் போய்த் திங்கட்கிழமை மறுபடி அளந்தபோது கடினம் கூடியிருந்தது என்பார்கள். யாரும் தொடாமல் இரண்டு நாளில் உலோகம் தானே வலுவாகியிருக்கிறது. காரணம் தெரியாமலேயே அந்தக் கலவை டியூராலுமின் என்ற பெயரில் ஆகாயக் கப்பல்களுக்குப் போனது. உள்ளே நடப்பதை எக்ஸ் கதிர்களால் காட்டியவர்கள் பிரான்சில் கினியேவும் இங்கிலாந்தில் பிரஸ்டனும், ஆண்டு 1938. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1903-ல் பறந்த ரைட் சகோதரர்களின் எஞ்சின் அலுமினிய வார்ப்பு. அதை 1990-களில் ஆராய்ந்தபோது அதற்குள்ளும் இதே நுண்திரள்கள் இருந்தன. வில்முக்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், முதிர்வு வலுவூட்டல் ஆகாயத்தில் ஏறிவிட்டிருக்கிறது.

இனி பெண்ட் எடுக்கும் கடைக்குத் திரும்பலாம். அலாயின் வளைந்த விளிம்பு குளிர்ந்த நிலையில் நிமிர மறுத்தால் கேஸ் டார்ச்சின் சுடரைக் காட்டுகிறார்கள். சக்கரத்துக்கு வலு கொடுத்த கடைசிச் சூடு 160 டிகிரியை ஒட்டியது. 200-ஐத் தாண்டிச் சூடு ஏற ஏற நுண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சில பெரிய துகள்களாகின்றன. ஆயிரம் சின்னத் தையல்களைப் பிரித்துவிட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய முடிச்சு போட்டதாகிறது. இடைவெளியில் மடிப்பு தாராளமாக ஓடும். விளிம்பு சுலபமாக நிமிர்வதற்குக் காரணம் இதுதான். நிமிர்ந்தது என்று நாம் மகிழும் நேரத்தில் அந்த இடம் வலு இழந்துவிட்டது.

கொல்லுப்பட்டறையில் இரும்பின் சூட்டை நிறத்தால் அறிகிறோம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று அது தன் வெப்பத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அலுமினியம் உருகும்வரை பகல் வெளிச்சத்தில் நிறம் மாறாது. எனவே அலுமினியத்தைச் சூடாக்குவோர் அதன்மேல் சோப்பைத் தேய்த்து, சோப்பு கருக்கும்போது நிறுத்துவார்கள். தகட்டை இளக்குவதற்கு அது நல்ல உத்தி. ஆனால் சோப்பு கருக்கும் சூட்டில் தையல்கள் அனைத்தும் போய்விட்டிருக்கும். சக்கரத்தை இளக்குவது நம் நோக்கமில்லையே. வெல்டிங் இன்னும் மோசம். உருகி இறுகிய கோட்டின் இருபுறமும் சில சென்டிமீட்டர் அகலத்துக்கு உலோகம் முதிர்வை இழக்கிறது. முழுச் சக்கரத்தையும் மறுபடி 540 டிகிரி, தண்ணீர், 160 டிகிரி என்று கொண்டுபோனால்தான் அது திரும்பும். எந்தத் தெருப் பட்டறையிலும் அந்த உலை கிடையாது.

வேலை முடிந்து பெயின்ட் அடித்து வரும் சக்கரம் பேலன்சிங் எந்திரத்தில் பூஜ்யம் காட்டலாம். எந்திரம் எடை சமமாகப் பரவியிருக்கிறதா என்று மட்டுமே அளக்கிறது. வலுவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இரும்புச் சக்கரம் வேறு சாதி. உருளையால் வளைத்த எஃகுத் தகடு விளிம்பாகவும், அச்சில் அடித்த தகடு நடுவட்டாகவும் பற்றவைக்கப்படுகின்றன. குறைந்த கார்பன் உள்ள அந்த எஃகு பிய்வதற்கு முன்னால் தன் நீளத்தில் கால் பங்குக்கு மேல்கூட இழுபடும். வார்ப்பு அலாய் பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. வளைந்தது ஒரு செலவு, நிமிர்த்துவது இன்னொரு செலவு. எஃகிடம் செலவழிக்க நிறைய இருக்கிறது, அலாயிடம் முதல் அடியிலேயே பாதி தீர்ந்திருக்கும். அதோடு எஃகு வளைந்து காட்டிவிடும். அலாய் விறைப்பாக நின்று, ஒரு கட்டத்தில் கோடு விடும்.

அந்தக் கோட்டை ஏன் மன்னிக்கக்கூடாது? 19-ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறிந்தன. 1842-ல் பாரிசுக்கும் வெர்சாய்க்கும் இடையே நடந்த பெரும் விபத்துக்கு முறிந்த அச்சே காரணம். பிரஷ்ய ரயில்வேயில் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத விசைகூட லட்சக்கணக்கான முறை வந்தால் முறித்துவிடும் என்று காட்டினார். இதை உலோகக் களைப்பு என்கிறோம். எஃகில் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை கோடிச் சுற்று வந்தாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி உறுதியான எல்லை இல்லை. கோடு விழுந்துவிட்டால் அதன் நுனியில் விசை குவிகிறது. ஒவ்வொரு சுற்றும் அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நீட்டுகிறது. முறிந்த சக்கரத்தின் வெட்டுமுகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் கோடு வளர்ந்து வந்த கட்டங்கள் வரிவரியாகத் தெரியும். கடைசியில் ஒரே நொடியில் பிய்ந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். கோட்டின் மேல் பூசிய வெல்டிங்குக்கு அடியில் பழைய நுனி கொஞ்சம் மிஞ்சினாலும் கதை தொடரும்.

புதுச் சக்கரத்தை நம்புவதற்கு நமக்கு என்ன ஆதாரம்? அதன் வடிவமைப்பைச் சோதனைக்கூடத்தில் வதைத்துப் பார்த்திருக்கிறார்கள். அலாய் சக்கரங்களுக்கான சர்வதேச மோதல் சோதனையில், டயர் மாட்டிய சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து எடையைப் போடுகிறார்கள். சக்கரம் தாங்கவேண்டிய உச்ச பாரம் 450 கிலோ என்றால் விழும் எடையும் 450 கிலோ. நடுப்பகுதியில் பிளவு ஊடுருவக்கூடாது. ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுதும் போய்விடக்கூடாது. இதுபோக வளைவுக் களைப்புக்கும் பாரக் களைப்புக்கும் தனித்தனிச் சோதனைகள். ஒரே மாதிரி வார்த்து ஒரே மாதிரி சூடேற்றியவை என்பதால் சில சக்கரங்களை உடைத்துப் பார்த்து மற்றவற்றை நம்புகிறோம். பழுதுபார்த்த சக்கரம் உலகில் ஒன்றே ஒன்று. அந்த அடி, அந்தச் சூடு, அந்த வெல்டிங் வேறெதிலும் அப்படியே கிடையாது. அதை உடைத்துப் பார்க்காமல் அதன் வலுவை அறியமுடியாது. உடைத்துப் பார்த்தால் சக்கரம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் அலாயில் மேற்பூச்சுச் சீரமைப்பை மட்டும் ஏற்று, வெல்டிங்கையும் நிமிர்த்தலையும் ஏற்காததற்கு இதுவே அடிப்படை என்று நினைக்கிறேன்.

கோடு இருக்கிறதா என்று மட்டும் உடைக்காமலே அறியலாம். பழைய ரயில் பட்டறைகளில் பாகத்தை எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணப்பொடி பூசுவார்கள். கோட்டுக்குள் புகுந்த எண்ணெய் வெள்ளைப் பூச்சில் கசிந்து கறையாகத் தெரியும். அதன் இன்றைய வடிவம் சாய ஊடுருவல் சோதனை. சுத்தம் செய்யும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைப் பூச்சு என்று மூன்று டப்பாக்கள். கோவையின் வார்ப்படத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. சந்தேகப்படும் இடத்தில் பெயின்ட்டை அகற்றிச் சாயம் அடித்து, கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளை பூசினால் கோடு சிவப்பாக எழுந்து நிற்கும். பஞ்சர் கடையின் சோப்புத் தண்ணீரும் நல்ல சாட்சிதான். ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் வாராவாரம் காற்று இறங்கி, டயரில் ஆணியும் இல்லை என்றால் விளிம்பின் உள்பக்கத்தை நனைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்விளிம்பு ஆரக்கால்களிலிருந்து தள்ளி ஆதரவில்லாமல் நிற்பது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது அதுதான். வண்டியைத் தூக்காமல் அது கண்ணில் படாது.

வடிவத்துக்கு டயல் கேஜ் போதும். சக்கரத்தைச் சுழலவிட்டு, டயர் உட்காரும் பகுதி எத்தனை மேலும் கீழும் ஆடுகிறது என்று பார்ப்பது. புதுச் சக்கரத்தில் இது பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதைக் காரின் பழுதுநீக்கும் கையேடு சொல்லும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் எடுக்கும் முடிவு இப்படி இருக்கும். நடைபாதைக் கல்லில் உரசிய கீறலா, தயங்காமல் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். பவுடர் கோட்டிங் அடுப்பு 200 டிகிரியை ஒட்டிப் போகும் என்பதால், வெப்பமானி வைத்து நிமிடக் கணக்கில் எடுக்கும் கடையாகப் பார்த்துக் கொடுக்கவேண்டும். இரும்புச் சக்கரத்தின் விளிம்பு மடங்கியிருந்தால் நிமிர்த்தி ஓட்டலாம். ஆனால் நட்டு ஓட்டைகள் நீண்டிருந்தாலோ, நடுவட்டும் விளிம்பும் சேரும் வெல்டிங்கில் கோடு இருந்தாலோ அதையும் கழித்துவிடுவேன். அலாயின் உள்விளிம்பு லேசாக வளைந்து, சாயச் சோதனையில் கோடு இல்லையென்றால், சுடர் காட்டாமல் ஹைட்ராலிக் அழுத்தத்தில் மெதுவாக நிமிர்த்தச் சொல்லி, மறுபடி சாயம் அடித்துப் பார்த்து, அதை ஸ்டெப்னியாக மட்டும் வைத்துக்கொள்வேன். ஆரக்காலிலோ நடுப்பகுதியிலோ சேதம் இருந்தால், எங்கேயாவது கோடு இருந்தால், பேச்சே இல்லை.

லாரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். டயர் மாட்டிய நிலையில் டிஸ்க்கை, அதாவது சக்கரத்தை, ஒருபோதும் சூடாக்கவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. காற்றை இறக்கிவிட்டோம் என்பது போதாது. உள்ளே ரப்பர் வெந்து எழும் வாயு தீப்பற்றி வெடிக்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி, வளைந்த, கோடு விழுந்த கனரக வாகன டிஸ்க்கைச் சூடாக்குவதையும் வெல்டிங் செய்வதையும் அடியோடு தடுக்கிறது. டயரை இருத்திப் பிடிக்கும் லாக் ரிங் வைத்த பழைய டிஸ்க்குகளில் ஆபத்து இன்னும் அதிகம். துருப்பிடித்துத் தேய்ந்த ரிங் காற்றடிக்கும்போது எகிறினால் எதிரில் நிற்பவர் பிழைப்பது கடினம்.

கழித்துவிட்ட அலாய் சக்கரம் வீண் என்று யாரும் வருந்தவேண்டாம். கலவை இன்னதென்று தெரிந்த அலுமினியம் என்பதால் பழைய உலோகச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கச் செலவாகும் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும், அதை உருக்கி மறுபடி வார்ப்பதற்கு. ஆனால் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலோ வேறெங்கோ போடுவதற்கு முன்னால், கிரைண்டரால் விளிம்பில் ஆழமாக ஒரு வெட்டுப் போட்டுக் கொடுங்கள். முழுதாகப் போனால் யாராவது கோட்டை அடைத்து, மேலே பூசி, இன்னொரு காருக்கு விற்றுவிடக்கூடும். செகண்ட் ஹேண்ட் அலாய் வாங்குபவர்களும் இதே காரணத்துக்காக உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் பழைய பூச்சோடு இருந்து, உள்பக்கம் மட்டும் புதிதாக அடித்த பெயின்ட் மினுங்கினால், அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிச் சாயம் அடித்துப் பார்க்க விடுகிறாரா என்று கடைக்காரரைக் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.